வண்ணக்கரும் நாணயமும்

எமது மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிர்வாகப் பொறுப்பு ஏற்பவரை வண்ணக்கர் என்கிறோம். பழந்தமிழில் இச்சொல், பொன்னையும் காசையும் சோதித்துத் தரம் பார்ப்பவரைக் குறித்தது. சங்கப் புலவருள் ஒருவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லையே நாம் வழங்குகிறோம்.

நான் அரச எழுதுவினைஞராகக் கடமையேற்ற புதிதில் பெரிய இலஞ்சம் எதுவும் என்னைத் தேடி வரவில்லை. வந்தது சிறிய சோதனைதான். சில்லறைக் காசுப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாதக் கடைசியில் பிள்ளையின் மருந்துக்காக அதில் ஐம்பது ரூபா எடுத்தேன். சம்பளத்தன்று திருப்பி வைத்துவிட்டேன். கணக்கில் ஒரு சதமும் பிசகவில்லை. ஆனால் அந்த நான்கு நாளும் மேலதிகாரி என் மேசைப் பக்கம் வந்தாலே நெஞ்சு படபடத்தது. பெட்டியைத் திறந்து எண்ணியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அரச பணத்தில் குறைவு மட்டுமல்ல, மிகுதி இருந்தாலும் விளக்கம் கேட்பார்கள். அப்போது அது வேடிக்கையாகத் தோன்றியது. இங்கே மிஞ்சிய காசு யாரோ ஒருவருக்குக் கொடுபடாத காசு என்பது பின்னரே விளங்கியது.

எமது அயலவரான காத்தான்குடி முஸ்லிம் மக்கள், நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பார்கள். கோயில் உண்டியலும் அதுவே. "வண்ணக்கர் ஐயா, பந்தல்காரர் நிற்கிறார், உண்டியலைத் திறந்து கொடுங்கோ, பிறகு எழுதலாம்" என்று திருவிழா நேரத்தில் இளைஞர்கள் அவசரப்படுத்துவார்கள். நல்ல காரியந்தான். ஆயினும் நாலு பேர் முன்னிலையில் எண்ணிப் பதியாமல் நான் கொடுப்பதில்லை. கஞ்சன் என்கிறார்கள், சொல்லட்டும்.

இவ்வருட வரவு செலவுக் கணக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. பிழை காண்பவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்லவும்.