கோடையில் மருந்து தெளிக்கும்போது கையுறை

ஒகேனக்கல், பென்னாகரம் வட்டாரங்களில் கோடைக் காய்கறிப் பயிர்களுக்குப் பூச்சிமருந்து தெளிப்போர் சிலர், கை வேகிறது என்று உறையைக் கழற்றிவிடுகின்றனர். உறையினால் வெப்பம் கூடுவது உண்மையே. ஆனால் அதைக் கழற்றுவது அதைவிடப் பெரிய தீங்கைத் தரும்.

வெயிலில் வேலை செய்யும்போது கைகளுக்கு இரத்த ஓட்டம் பெருகி, உடல் வெப்பம் அவ்வழியே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். நீர் புகாத உறைக்குள் வியர்வை ஆவியாகாமல் தேங்குவதால் கை குளிர்வதில்லை. ஆயினும் இரு கைகளின் பரப்பு, உடற்பரப்பில் சுமார் 5 சதவீதமே. மற்ற பாகங்கள் காற்றோட்டமாக இருந்தால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வெறுங்கையிலோ மருந்து நேரடியாகப் படும். சூடேறி வியர்த்த தோல் அதை விரைவாக உறிஞ்சும்.

எந்த உறை நல்லது?

துணி உறையும் தோல் உறையும் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், மருந்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைக்கும். எனவே அவை கூடவே கூடாது. தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் மருந்துகளிலுள்ள கரைப்பான்கள், மெல்லிய ரப்பர் உறையை ஊடுருவக்கூடும். உள்ளே துணி ஒட்டாத, மணிக்கட்டுக்கு மேல் நீளும் நைட்ரைல் உறையே ஏற்றது.

கவனிக்க வேண்டியவை

1. காலை 9 மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும்.

2. தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை அணியவும். தாழ்வான பயிருக்குத் தெளிக்கும்போது சட்டைக் கை உறையின் மேல் இருக்கட்டும்.

3. இடையிடையே உறையைச் சோப்பு நீரில் கழுவிக் கழற்றி, கைகளையும் கழுவி, நிழலில் இளைப்பாறித் தண்ணீர் அருந்தவும்.

4. உறையில் தண்ணீர் நிரப்பி ஓட்டை உள்ளதா என்று பார்க்கவும். ஓட்டை உறையைப் பயன்படுத்தக் கூடாது.

தலைவலி, குமட்டல், மயக்கம், மிகுந்த வியர்வை ஆகியவை வெயிலாலும் வரும், மருந்தின் நஞ்சாலும் வரும். கண்பாவை சுருங்கி, எச்சில் வடிந்து, மூச்சுத் திணறினால் அது நஞ்சின் அறிகுறி. மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் 2017இல் பருத்திக்கு மருந்து தெளித்தோர் பலர் உயிரிழந்ததை மறக்கலாகாது. வெயில் மயக்கம் என்று காத்திராமல், வேலையை நிறுத்தி, உடையை மாற்றி, உடலைக் கழுவி, மருந்தின் விவரச் சீட்டுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே உயிர் காக்கும் வழி.