ஆள் சேர்ந்தால் கதை சிதறுமா?

கேள்வி: ஜப்பானிய ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) வீடியோ கேம்களில் குழுவில் ஆள் சேரச் சேரக் கதையின் பிடி நழுவுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவர், ஸ்ரீரங்கம், திருச்சி

பதில்: ஆள் கூடுவதால் அல்ல; சேர்ந்தவருக்கு அப்புறம் கதையில் வேலை இல்லாமல் போவதால். சண்டையில் வாள் வீசுகிறார், உரையாடலில் ஊமையாகிவிடுகிறார்.

இதற்கான பாடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதி எதிரிலுள்ள மண்டபத்தில்தான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அதில் விபீஷணன் அடைக்கலம் தேடி வரும் கட்டத்தைப் படியுங்கள். இராமன் தோழர்களிடம் கருத்துக் கேட்கிறான். சுக்ரீவன் மறுக்கிறான், அனுமன் பரிந்து பேசுகிறான். புதியவன் ஒருவனின் வருகையில் பழையவர்களின் குணமும் துலங்குகிறது. பின்னால் இந்திரஜித்தின் நிகும்பலை வேள்வியைத் தடுக்க வழி சொல்பவனும் விபீஷணனே. அவன் இல்லையேல் போரின் போக்கே வேறு.

கேம்களிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1994-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் குழுவினர் 14 பேர். பாதிக் கதையில் உலகம் சிதைகிறது, குழுவும் சிதறுகிறது. பிறகு ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கும்போது பலருடைய சொந்தத் துயரமும் கதைக்குள் வருகிறது. அத்தனை பேர் இருந்தும் கதை நிற்பது அதனால்தான்.

அடுத்த முறை விளையாடும்போது, 'இவர் இல்லாவிட்டால் கதையில் எது மாறும்?' என்று ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் அது நல்ல கதை.