ஜுரத்தோடு வரும் வயிற்றுவலி

ஜவ்வாது மலைக் கிராமங்களைச் சுற்றி வரும்போது, வயிற்றுவலி கண்டவருக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று நாம் கேட்பதுண்டு. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவோம் என்பதே பெரும்பாலோர் விடை. சாதாரண மலச்சிக்கலுக்கு அது பயன்படலாம். ஜுரத்தோடு கூடி, ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் வலிக்கோ அது பெருந்தீங்கு விளைவிக்கக் கூடும். அத்தகைய வலிக்குரிய காரணங்களுள் அதிகம் அறியப்படாத ஒன்றை இங்கே கூறுகிறோம்.

பெருங்குடலின் சுவரில், இரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. வயது ஏற ஏற, குடலினுள் உண்டாகும் அழுத்தத்தால் அவ்விடங்களில் உட்சவ்வு வெளியே பிதுங்கிச் சிறு பைகளாகிறது. தேய்ந்த சைக்கிள் டயரின் வெடிப்பில் ட்யூப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதைப் போன்றதே இதுவும். பைகள் இருப்பதே நோயன்று. பலருக்கு அவை இருப்பதே தெரிவதில்லை. அவற்றுள் ஒன்று அழன்று வீங்கும்போதுதான், டாக்டர்கள் ‘டைவர்டிகுலைட்டிஸ்’ எனக் கூறும் பெருங்குடற் பை அழற்சி தோன்றுகிறது. அழன்ற பை ஓட்டையாகிவிட்டால் மலமும் சீழும் வயிற்றறையில் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

மேல்நாட்டாருக்கு இவ்வலி பெரும்பாலும் அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வருகிறது. ஆசிய மக்களிடையே வலப்பக்கத்திலும் அடிக்கடி காணப்படுவதால், குடல்வால் நோய் என்றே எண்ண இடமுண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த டாக்டருக்கும் கடினம். இரத்தப் பரிசோதனை அழற்சி உண்டென்று காட்டும். எங்கே, எவ்வளவு என்பதைச் சி.டி. ஸ்கேனே தெளிவாக்கும். அதற்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து மலைப்பாதையில் போளூர் இறங்கி, மேலும் பயணம் செய்யவேண்டிய நமக்கு, ‘காலைவரை பார்ப்போம்’ என்ற தாமதம் மற்றவரைவிட அதிகம் கெடுதல் செய்யும்.

நோய் இலேசானதாயின் சில நாட்கள் நீர் ஆகாரமும் ஓய்வுமே போதியதாகலாம். கிருமிக்கொல்லி மருந்து எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சீழ்க்கட்டி பெரிதாயின் ஊசி அல்லது குழாய் வழியே சீழை வெளியேற்றுவர். குடல் ஓட்டையானால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டும். குணமாகி ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, உட்குடலைக் கருவியால் பார்க்க டாக்டர் வரச் சொல்வதுண்டு. வலி போய்விட்டதே என்று இதைத் தட்டிக் கழிக்கலாகாது. மறைந்திருக்கும் புற்றுநோயும் அப்பொழுது வெளிப்படக்கூடும்.

ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டாக்டர் பர்கிட்டும், டாக்டர் பெயின்டரும் 1971-ல், நார்ச்சத்துக் குறைந்த உணவே இந்நோய்க்குக் காரணம் என எழுதினர். அது ஒன்றே காரணமன்று எனப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டினாலும், நார்ச்சத்து நன்மை தருவதே. உடற்பருமனும், புகைபிடித்தலும், அடிக்கடி விழுங்கும் சிலவகை வலி மாத்திரைகளும் கேட்டைப் பெருக்கும். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நமது மலைச் சாமையை நகரத்தார் விலை கொடுத்து உண்ண, விளைவித்தவர் அதை விற்றுவிட்டு வெள்ளை அரிசியே உண்பது நமக்கு விந்தையாகவே தோன்றுகிறது! தவிடு முழுதும் நீங்கத் தீட்டாத சாமையே இதற்கு ஏற்றது. ஆனால் வலி கண்ட நாட்களில் அதுவும் ஆகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் குக்கிராமத்தில் எந்த இடத்தில் நின்றால் தொலைபேசி கிடைக்கும், 108 வண்டி எதுவரை ஏறிவரும், அதற்கப்பால் நோயாளியைத் தூக்கிவர யார் யார் வருவர் என்பதை இப்பொழுதே தீர்மானித்து வைக்கவேண்டும். பேதி மருந்து ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லும்படி வீட்டாருக்கு எடுத்துரைக்கவும்.