தம்பிக்கு 40 தாண்டியாச்சா? அக்கா சொல்றேன், கேளுங்க

டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பியோ தங்கையோ 40 வயசைத் தாண்டிட்டா, "இனி என்ன, உட்கார வெச்சு சோறு போடுங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. அதை மட்டும் கேட்காதீங்க. உட்கார வெச்சா கைகால் மட்டுமில்லை, பேச்சும் குறைஞ்சு போகும்.

காலையில பால் பாக்கெட் வாங்குறதும் முருங்கைக்கீரை ஆய்றதும் என் தம்பியோட வேலை. நிதானமா ஆய்வான், ஒரு ஈர்க்குகூட தப்பாது. நேரமாகுதுன்னு கையிலிருந்து முறத்தைப் பிடுங்கிடாதீங்க. தரையில உட்கார முடியலையா, மேஜையில வெச்சுக் கொடுங்க. கண் மங்குதா, ஜன்னலோரமா உட்கார வையுங்க. வேலை அவங்களோடதாவே இருக்கட்டும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான்: திடீர்னு மந்தமானாலோ முரண்டு பிடிச்சாலோ, "வயசாயிடுச்சு", "அவன் அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. தைராய்டு குறைவு, கண்புரை, காது மந்தம் எல்லாம் இவங்களுக்குச் சீக்கிரமே வரும். வருஷா வருஷம் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துப் பாருங்க. கூப்பிட்டா திரும்பலைன்னா, காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவங்க தட்டைத் தள்ளுவாங்க, கன்னத்தைப் பிடிச்சுக்குவாங்க, காரணமில்லாம கத்துவாங்க. பல்லையும் மலச்சிக்கலையும் முதல்ல கவனியுங்க.

மறதி விஷயத்துல இன்னும் உஷாரா இருக்கணும். இவங்களுக்குக் கூடுதலா இருக்கிற 21-வது குரோமோசோம்லதான் அல்சைமரோட தொடர்புள்ள மரபணு ஒண்ணு இருக்கு. அதனால 50-களில, சிலருக்கு 40-களிலேயே அந்த நோய் தொடங்கலாம். 35 வயசிலேயே ஒரு நோட்டு போடுங்க: சட்டை பட்டனைத் தானே போடுறாங்களா, யார் யார் பேர் தெரியுது, கடைக்குத் தனியா போய் வர்றாங்களா? ஃபோன்ல வீடியோவும் எடுத்து வையுங்க. என்ன மாறியிருக்குன்னு டாக்டருக்கு அதுதான் காட்டும். தைராய்டு, பி12 குறைவு, தூக்கத்துல மூச்சுத்திணறல், மனச்சோர்வு எல்லாமே மறதி மாதிரி தெரியும். அதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு.

விளையாட்டுன்னா, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல மேல் வயசு வரம்பே கிடையாது. பந்து உருட்டுற போச்சே ஆட்டம் இந்த வயசுக்கு ரொம்பப் பொருத்தம். சிலருக்குக் கழுத்தெலும்பு தளர்வா இருக்கும். அதனால டாக்டரைக் கேட்காம தலைகீழ் ஆசனம் மட்டும் வேண்டாம்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீங்க. 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவுல காப்பாளர் நியமனத்துக்கு மனு போடலாம். அதே அறக்கட்டளையோட நிராமயா காப்பீட்டுல வருஷத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அப்பா அரசு பென்ஷன் வாங்குறவர்னா, அவர் இருக்கும்போதே குடும்ப ஓய்வூதியத்துக்குப் பிள்ளை பேரைப் பதியச் சொல்லுங்க.

பின்னால யாரோட இருக்கணும்னு அவங்களையே கேளுங்க. அக்கா வீடா, அண்ணன் வீடா, எதுவானாலும் அம்மா இருக்கும்போதே அங்க போய்ச் சில நாள் தங்கிப் பழகட்டும். அம்மா போன துக்கமும் புது வீடும் ஒரே நாள்ல வந்தா அவங்க தாங்க மாட்டாங்க.