நூலகம் உள்ளேயா, வெளியேயா?

மாணவர்களே, மடக்கை அட்டவணையை ஒவ்வொரு பாடநூலின் இறுதியிலும் அச்சிடலாம். தனிப் புத்தகமாகவும் வைத்துக்கொள்ளலாம். முதல் வழியில், அட்டவணையில் ஓர் எண் பிழையானால் எல்லா நூல்களையும் திருத்த வேண்டும்.

கணிப்பொறி நிரல்களிலும் இதே கேள்வி உண்டு. பல நிரல்களுக்குப் பொதுவான வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பை 'நூலகம்' என்பர். தகவலைச் சுருக்கி விரிக்கும் 'இசட்லிப்' அத்தகையது, 1995-இல் வெளிவந்தது. 2002 மார்ச்சில் அதில் ஒரு பிழை வெளிப்பட்டது. நினைவகத்தில் ஒருமுறை விடுவித்த இடத்தையே சில வேளைகளில் அது மறுமுறையும் விடுவித்தது. சூதாகத் தயாரித்த கோப்பைக் கொடுத்து நிரலை நிலைகுலையச் செய்ய இது போதும்.

நூலகத்தை வெளியே வைத்திருந்த நிரல்களுக்கு வைத்தியம் எளிது: அந்த ஒரு கோப்பை மாற்றி, நிரல்களை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. தமக்குள் பிரதி வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. லினக்ஸ் இயக்க அமைப்பின் மையப் பகுதியே அப்படியொரு பிரதியைச் சுமந்திருந்தது!

அப்படியானால் உள்ளே வைப்பது மடமையா? இல்லை. வெளியே உள்ள நூலகத்தைப் பிறர் மாற்றும்போது, நேற்று ஓடிய நிரல் இன்று நின்றுவிடலாம். பிரதியோடு செல்லும் நிரலுக்கு அந்த அச்சமில்லை. ஆயினும், பலரும் பயன்படுத்தும் நூலகம் வெளியே இருப்பதே மேல் என்பேன். உள்ளே வைத்தே தீர வேண்டுமானால், எந்தப் பதிப்பு என்பதையாவது குறித்து வையுங்கள்.