ஆயிலில் மின்னும் துகள்

ஆரியசாலையில் உங்களிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாலை பஜாரில் சரக்கு எடுக்க அதுதான் துணை. 1955 முதல் சென்னையில் உருவாகி வரும் வண்டி அது. ராணுவமும் ஓட்டிய வண்டி.

ஆயில் மாற்றுகிறீர்கள். பழைய ஆயிலில் ஏதோ மின்னுகிறது.

“வண்டி ஓடுதே அண்ணாச்சி, புது ஆயிலை ஊத்துங்க” என்பார்கள் சிலர். பொறுங்கள்.

பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்பதை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மாவு போல இருந்தால் சாதாரணத் தேய்மானம். புதிதாக வேலை பார்த்த இன்ஜினில் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். நறநறவென்று இருந்தாலோ, செதில் செதிலாக இருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து ஒரு காந்தம் வேண்டும். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. பேரிங்கோ பல்சக்கரமோ தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் அலுமினியம். பிஸ்டன் உரசியிருக்கலாம். மஞ்சளாக இருந்தால் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

எந்த ஆயிலில் துகள் இருந்தது? இதுவும் முக்கியம். புதிய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். பழைய புல்லட்டில் இன்ஜின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் தனித்தனி. கியர் பல் உடைந்தால் துண்டு கியர் பெட்டியில்தான் கிடக்கும். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. கூலி மிச்சம்.

துகளோடு ஓட்டினால் அது ஆயிலோடு சுற்றி நல்ல பாகத்தையும் அரைக்கும். பேரிங்கோடு போகிற செலவு கிராங்க் வரை போய்விடும். துகளைத் தாளில் மடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடித்த ஆயிலை ஓடையில் கொட்டாதீர்கள். பக்கத்தில் கிள்ளியாறு ஓடுகிறது. கேனில் ஊற்றி, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.