சூரியன் திரும்புவது ஜூன் 21-லா, ஆடி ஒண்ணிலா?



ஜூன் மாதம் வகுப்பில், "சூரியன் வடக்கே போய்த் தெற்கே திரும்பும் நாள் எது?" என்ற கேள்வி வந்தது. நான் எழுந்து "ஆடி ஒண்ணு" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஜூன் 21 என்பதுதான் விடை. ஆனால் ஆடி ஒண்ணில்தான் தட்சிணாயனம் பிறக்குதுன்னு கரூரில் இருக்கும் எங்க அம்மிச்சி பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லித் தந்தவங்க. யார் சொல்வது சரி என்று நானே அளந்து பார்த்தேன்.

ஒரு மீட்டர் குச்சியை வாசலில் நட்டேன். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, சாயாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நம்ம ஊரில் உச்சி 12 மணிக்கு இல்லை, சுமார் 12.22-க்கு. (நம் கடிகாரம் கிழக்கே இருக்கும் 82½ பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது.) ஜூன் 21 உச்சியில் நிழல் 22 செ.மீ. இருந்தது, அதுவும் தெற்குப் பக்கம்! சூரியன் அன்று கடகரேகைக்கு நேர் மேலே, அதாவது மத்தியப் பிரதேசத்துக்கு மேலே நிற்கிறது. நமக்கு அது வடக்கு. அதனால் நிழல் தெற்கே விழுகிறது.

ஆடி ஒண்ணுக்கு அம்மிச்சி வீட்டுக்குப் போனோம். கரூரும் நம்ம ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 11 பாகை, அதனால் குச்சியையும் கையோடு கொண்டுபோனேன். அங்கே அன்று தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் நாரை வழவழவென்று தேய்த்து எடுத்து, ஒரு கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணியை வடித்துவிட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், எள்ளு, அவல் எல்லாம் போட்டு அடைப்பார்கள். அழிஞ்சில் குச்சியில் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் தீ மூட்டிச் சுடுவார்கள். ஓடு வெடிக்கும்போது வரும் வாசம் இருக்கிறதே! பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிடணும். பாரதப் போர் தொடங்கிய நாள் அது என்று கதை சொல்வார்கள்.

அன்று உச்சிக்கு மேகம் வந்து வந்து மறைத்தது. ஆடிக் காத்து வேறு. ஒரு நிமிஷம் வெயில் வந்தபோது அளந்தேன். 18 செ.மீ. தான்! நிழல் ஏற்கெனவே 4 செ.மீ. குறைந்துவிட்டது. அதாவது சூரியன் முன்னாடியே திரும்பிவிட்டது.

அம்மிச்சியிடம் சொன்னேன். "அப்ப பஞ்சாங்கம் எழுதுனவங்க எல்லாம் கணக்குத் தெரியாதவங்களா அம்மிணி?" என்று கேட்டாங்க. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து நாள் எண்ணுகிறது, சூரியன் கடக ராசிக்குள் நுழைவதுதான் ஆடி ஒண்ணு என்றார். பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல மெதுவாக ஆடுகிறது. ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய 26,000 வருஷம். அதனால் சூரியன் திரும்பும் நாள் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் முன்னால் போகிறது. 1,700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் இருந்தன! தை ஒண்ணும் இப்படித்தான், சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21, 22-ல். அம்மிச்சிக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இங்கிலாந்தில் விக்கா என்று ஒரு புதிய சமயம் உண்டு. ஜெரால்டு கார்ட்னர் என்பவர் 1950-களில் பரப்பியது. அவர்களுடைய எட்டுப் பண்டிகைகளில் ஒன்று ஜூன் திருப்பம். அவர்களும் தீ மூட்டுகிறார்கள்! ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் பல பேர் இரவெல்லாம் விழித்திருந்து சூரிய உதயம் பார்க்கிறார்கள். லண்டனில் அன்று பகல் 16½ மணி நேரத்துக்கும் மேல். நமக்கு 12¾ மணிதான், டிசம்பரைவிட ஒண்ணேகால் மணி அதிகம், அவ்வளவுதான். நம்ம ஊரில் ஜூன் 21 யாருக்கும் தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நமக்கு அது நடுக்கோடையும் இல்லை, சித்திரை வெயிலே முடிந்துவிடுகிறது.

குச்சியை இப்போது பள்ளிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறேன், தயவுசெய்து யாரும் பிடுங்க வேண்டாம். ஆகஸ்ட் 24 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். மேகம் இல்லை என்றால் 12.23-க்கு வாங்க, நிழல் குச்சிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். சிரித்தவர்களும் வரலாம்.